குளியலறைக்கு ஒரு திசை: மதீனா முதல் தென்காசி வரை

புதிய வீட்டுக்கான வரைபடம் விரிக்கப்படும்போது கூடம், சமையற்கட்டு, படுக்கையறை, வண்டி நிறுத்துமிடம் என்று ஒவ்வொன்றையும் பற்றிக் குடும்பமே கூடிப் பேசுகிறது. எல்லாம் முடிந்தபின் எஞ்சிய மூலையில் குளியலறை வந்து அமர்கிறது. ஆனால் கட்டி முடித்த பின்னர் மாற்றுவதற்கு மிகக் கடினமான இடமும் அதுவே. சுவரை இடித்துக் கட்டலாம், கதவை நகர்த்தலாம். தளத்திற்கு அடியில் புதைத்துவிட்ட குழாயையும், சிமெண்டில் பதித்துவிட்ட குளோசெட்டையும் திருப்புவது எளிதன்று.

முஸ்லிம் குடும்பத்திற்கு இது வசதியைப் பற்றிய கேள்வி மட்டும் அன்று. நம்முடைய நாளின் தொழுகைகள் பெரும்பாலும் இந்த இடத்திலிருந்துதான் தொடங்குகின்றன. குளோசெட் எத்திசை நோக்கியிருக்க வேண்டும், குளிக்கும் இடமும் கழிக்கும் இடமும் ஒன்றாக இருக்கலாமா, ஒளூச் செய்ய எவ்வளவு தண்ணீர், கழிவு எங்கே போய்ச் சேர்கிறது என்பவையெல்லாம் இன்று புதிதாகத் தோன்றிய கேள்விகள் அல்ல. வீட்டின் அமைப்பு மாறிய ஒவ்வொரு காலத்திலும் நம் முன்னோர் இவற்றை எதிர்கொண்டு விடை கண்டிருக்கிறார்கள். தென்காசிப் பகுதியில் வீடு கட்டுவோருக்கு அந்த வரலாறு நேரடியாகப் பயன்படக்கூடியது.

வீட்டருகே கழிப்பிடம் இல்லாத மதீனா

அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள்மீது அவதூறு கூறப்பட்ட நிகழ்ச்சியை நாம் அறிவோம். பனூ முஸ்தலிக் போரிலிருந்து திரும்பிய வழியில் நிகழ்ந்ததைத் தொடர்ந்து எழுந்தது அது. அதை அன்னையவர்கள் தாமே விரிவாக அறிவிக்கும் ஹதீஸ் ஸஹீஹுல் புகாரியில் உள்ளது. அதில், பெரும்பாலோர் வேகமாகப் படித்துக் கடந்துவிடும் ஒரு செய்தி இருக்கிறது. அன்று மதீனாவின் வீடுகளை ஒட்டிக் கழிப்பிடங்கள் கிடையாது. வீட்டருகே அவற்றை வைத்துக்கொள்வதை அக்கால அரபியர் அருவருத்தார்கள். எனவே பெண்கள் ஊருக்கு வெளியே அல்மனாஸிஃ எனப்பட்ட திறந்தவெளிக்குச் சென்றார்கள்; அதுவும் இரவில் மட்டுமே சென்றார்கள். நோயிலிருந்து தேறிவந்த அன்னையவர்கள், உம்மு மிஸ்தஹ் (ரலி) அவர்களுடன் அவ்வாறு சென்ற ஓர் இரவில்தான் தம்மைப் பற்றி ஊரில் பேசப்படுவதை முதன்முதலாக அறிந்தார்கள்.

பொழுது சாயும்வரை அடக்கிக்கொண்டு காத்திருப்பது எத்தகைய துன்பம் என்பதை நம் ஊர்களின் மூத்த பெண்களுக்கு எவரும் விளக்கத் தேவையில்லை. விடியுமுன் அல்லது இருட்டியபின் காட்டுப் பக்கம் சென்று வந்த தலைமுறை இன்னும் நம்மிடையே வாழ்கிறது. கழிப்பிடம் வீட்டை நோக்கி நகர்ந்த வரலாற்றில் முதற்பயன் பெற்றவர்கள் பெண்களே. ஆகவே வரைபடத்தில் அந்த இடத்தை முடிவு செய்யும்போது முதலில் கேட்கப்பட வேண்டிய குரலும் அவர்களுடையதுதான்.

இரண்டு செங்கற்களும் ஒரு திசையும்

பின்னர் மதீனாவின் வீடுகளிலேயே அதற்கான இடம் அமைந்தது. இப்னு உமர் (ரலி) அவர்கள் ஒருமுறை தம் சகோதரி அன்னை ஹஃப்ஸா (ரலி) அவர்களின் வீட்டுக் கூரைமீது ஏறியபோது, நபி (ஸல்) அவர்கள் இரண்டு செங்கற்களின்மீது அமர்ந்து பைத்துல் முகத்தஸை நோக்கித் தேவையை நிறைவேற்றிக்கொண்டிருந்ததை எதிர்பாராமல் கண்டதாக அறிவிக்கிறார்கள். மதீனாவிலிருந்து பைத்துல் முகத்தஸ் வடக்கே உள்ளது. கஅபா தெற்கே உள்ளது. ஆகவே கஅபா அவர்களின் முதுகுப்புறம் இருந்தது.

மறுபுறம், கிப்லாவை முன்னோக்கியோ பின்னோக்கியோ அமர வேண்டாம் என்று நபி (ஸல்) அவர்கள் தடுத்ததை அபூ அய்யூப் அல்அன்ஸாரீ (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். பின்னாளில் ஷாம் நாட்டுக்குச் சென்றபோது அங்கு ஏற்கெனவே கட்டப்பட்டிருந்த கழிப்பிடங்கள் கிப்லாவை நோக்கி இருந்ததைக் கண்டு, தாங்கள் சற்றே திரும்பி அமர்ந்து, அல்லாஹ்விடம் பாவமன்னிப்பும் கோரியதாக அவர்களே கூறுகிறார்கள். பிறர் கட்டிய கட்டடத்தில் திசை தவறியிருந்தால் என்ன செய்வது என்ற கேள்வி நபித்தோழர்களின் காலத்திலேயே எழுந்துவிட்டது என்பதை இது காட்டுகிறது.

இவ்விரு அறிவிப்புகளையும் இணைத்துப் பார்த்ததில் மத்ஹபுகள் வேறுபட்டன. திறந்தவெளியிலும் கட்டடத்திலும் கிப்லாவை முன்னோக்குவதும் பின்னோக்குவதும் கூடாது என்பது ஹனஃபி மத்ஹபின் நிலை. இதற்கெனக் கட்டப்பட்ட அறைக்குள் அது தடையில்லை, எனினும் தவிர்ப்பது சிறந்தது என்பது ஷாஃபி மத்ஹபின் நிலை. பழைய வீட்டை வாங்கியவருக்கு இக்கருத்து வேறுபாட்டில் ஆறுதல் உண்டு. புதிதாகக் கட்டுபவரோ கருத்து வேறுபாட்டிற்கே இடமின்றி அமைத்துக்கொள்ளலாம். அதற்குத் தனிச் செலவு எதுவும் இல்லை.

இங்கே ஒரு நுட்பம் கவனிக்கத்தக்கது. அபூ அய்யூப் (ரலி) அவர்களின் அறிவிப்பில், கிழக்கு அல்லது மேற்குப் பக்கம் திரும்பிக்கொள்ளுமாறு கூறப்படுகிறது. அது மதீனாவாசிகளுக்குச் சொல்லப்பட்டது; அவர்களின் கிப்லா தெற்கே இருந்தது. மொழிபெயர்ப்பை மட்டும் படித்துவிட்டு அதைத் தமிழகத்தில் அப்படியே செயல்படுத்தினால், எதைத் தவிர்க்கச் சொன்னார்களோ அதிலேயே போய் நிற்போம். தென்காசியிலிருந்து கிப்லா, நேர் மேற்கிலிருந்து வடக்கு நோக்கி ஏறத்தாழ 23 பாகை சாய்ந்துள்ளது. எனவே இங்கு குளோசெட் வடக்கு அல்லது தெற்கு நோக்கி இருக்க வேண்டும். சாலையின் போக்குக்கு ஏற்ப மனை கோணலாக அமைந்திருந்தால், கிப்லாக் கோட்டுக்குச் செங்குத்தாக, அதாவது வடக்கிலிருந்து சற்றுக் கிழக்கே அல்லது தெற்கிலிருந்து சற்று மேற்கே பார்க்கும் சுவரைத் தேர்ந்துகொள்ளலாம்.

மண் தரையும் காரைத் தரையும்

குளிக்கும் இடத்தில் சிறுநீர் கழிக்க வேண்டாம், அதனால் வீண் சந்தேகங்கள் எழும் என்ற கருத்தில் அப்துல்லாஹ் இப்னு முகஃப்பல் (ரலி) அவர்கள் வழியாக ஒரு ஹதீஸ் ஸுனன் நூல்களில் வந்துள்ளது. ஆடையில் தெறித்ததா, காலில் பட்டதா என்ற ஐயம் ஒருவரைப் பிடித்துக்கொண்டால் ஒளூவும் தொழுகையும் எவ்வளவு சிரமமாகிவிடும் என்பதை, வஸ்வாஸினால் அவதியுறுவோர் உள்ள வீட்டார் அறிவார்கள்.

ஹிஜ்ரி மூன்றாம் நூற்றாண்டில் இமாம் இப்னு மாஜா (மறைவு ஹிஜ்ரி 273) இந்த ஹதீஸைத் தம் நூலில் பதிவு செய்தபோது, அதனுடன் தம் ஆசிரியர் அலீ இப்னு முஹம்மத் அத்தனாஃபிஸீ அவர்களின் விளக்கத்தையும் சேர்த்தார். நீர் தேங்கி நிற்கும் குழிகளைப் பற்றியதே இத்தடை. இன்று மக்களின் குளிக்கும் இடங்கள் சுண்ணத்தாலும் காரையாலும் கீலாலும் பூசப்பட்டுள்ளன, தண்ணீரை ஊற்றினால் ஓடிவிடும், எனவே குற்றமில்லை என்பது அவ்விளக்கத்தின் சாரம்.

பதினோரு நூற்றாண்டுகளுக்கும் முன்னர் ஓர் அறிஞர், கட்டுமானப் பொருள் மாறியதைக் கவனித்து, சட்டத்தின் காரணத்தைத் தேடிச் சென்றிருக்கிறார். அவர் கேட்ட கேள்வி தண்ணீர் தேங்குகிறதா, ஓடுகிறதா என்பதே. இன்று பளபளப்பான டைல்ஸ் பதித்த குளியலறையிலும் அதே கேள்விதான் கேட்கப்பட வேண்டும். தரையின் சரிவு தவறி, வடிகால் ஒரு மூலையிலும் தண்ணீர் மறு மூலையிலும் நின்றால், விலை உயர்ந்த டைல்ஸும் அந்தப் பழைய குழியாகவே ஆகிவிடுகிறது. டைல்ஸ் ஒட்டுவதற்கு முன்னர் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றி, அது எங்கே ஓடுகிறது என்று வீட்டார் நின்று பார்ப்பது நல்லது.

அருவிக் கரையின் மூன்று இடங்கள்

தென்காசி வட்டாரத்தின் பழைய வீடுகளில் ‘குளியலறை’ என்ற ஒரே அறை இருந்ததில்லை. குளிப்பதற்குக் கிணற்றடி, ஆற்றுத்துறை, குளம். ஒளூச் செய்ய முற்றத்து ஓரத்தில் கெண்டியும் செம்பும், அல்லது பள்ளிவாசலின் ஹவுள். கழிப்பதற்குப் புறவாசலுக்கு அப்பால் ஓர் ஒதுக்கம் அல்லது ஊரின் வெளிக்காடு. மூன்று தேவைகளும் மூன்று இடங்களில் பிரிந்திருந்தன.

நீருக்கு இவ்வூர் பெயர்பெற்றது. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தென்மேற்குப் பருவக்காற்று சாரலைக் கொண்டுவரும்போது குற்றாலத்தின் பேரருவியும் ஐந்தருவியும் பழைய குற்றாலமும் ஒரு பெரும் பொதுக் குளியலிடமாகவே ஆகிவிடுகின்றன. அங்கும் பெண்களுக்கெனத் தனி இடம் ஒதுக்கப்பட்டுள்ளது. திறந்தவெளி அருவிக்கும் மறைவு தேவைப்படுகிறது. அருவியாய் விழும் சிற்றாறு தென்காசியைக் கடந்து சென்று சீவலப்பேரி அருகே தாமிரபரணியில் கலக்கிறது. இதே அருவிகள் கோடையில் நூலாய் மெலிந்து, சில ஆண்டுகளில் வற்றியும் போகின்றன என்பதை உள்ளூரார் மறப்பதில்லை.

மூன்று இடங்களும் ஓர் அறைக்குள் அடங்கியதற்கு ஒரு சிறு வளைகுழாய் காரணம். இங்கிலாந்தில் ஜான் ஹாரிங்டன் என்பவர் 1596இலேயே தண்ணீர் ஊற்றிக் கழுவும் கழிப்பிருக்கையை விவரித்து எழுதினார். ஆயினும் குழாய்வழியே நாற்றம் மேலேறியதால் அது வீட்டிற்குள் நிலைக்கவில்லை. 1775இல் அலெக்சாண்டர் கம்மிங் என்ற கடிகாரத் தொழிலாளர், வளைந்த குழாயில் சிறிது நீர் எப்போதும் தங்கி நாற்றத்தை மறிக்கும் அமைப்புக்குக் காப்புரிமை பெற்றார். பிளம்பர்கள் இன்று ‘டிராப்’ என்று சொல்வது அதன் வழிவந்ததே. முன்னோர் கழிப்பிடத்தை வீட்டிலிருந்து தள்ளி வைத்ததன் காரணம் நாற்றம்; அந்த உள்ளங்கையளவு நீர் அக்காரணத்தை நீக்கியது.

அந்த நீர் வற்றினால் நாற்றம் திரும்பிவிடும். வளைகுடாவிலோ சிங்கப்பூரிலோ குடும்பம் இருக்க, மாதக்கணக்கில் பூட்டிக் கிடக்கும் வீடுகள் நம் ஊர்களில் ஏராளம். அவ்வீடுகளில் தரை டிராப்பின் நீர் உலர்ந்து, கரப்பானும் துர்நாற்றமும் உள்ளே நுழைகின்றன. பயன்படுத்துவோர் எண்ணிக்கையைக் கணக்கிடாமல் அறைக்கொரு குளியலறை கட்டுவதன் விலைகளில் இதுவும் ஒன்று.

பிறர் தலையில் சுமத்திய தூய்மை

காட்டுவெளிக்கும் டிராப்புக்கும் இடையே, நாம் பேசத் தயங்கும் ஒரு காலம் உண்டு. நகரங்களில் எடுப்புக் கழிப்பிடங்கள் இருந்த காலம் அது. வீட்டின் பின்புறத்தில் ஒரு சிறு வாசல்; நாள்தோறும் அவ்வழியே வந்து, கூடையிலோ வாளியிலோ மலத்தை அள்ளிச் சென்றவர்கள் ஒரு குறிப்பிட்ட சாதியில் பிறந்த காரணத்தாலேயே அவ்வேலைக்குத் தள்ளப்பட்டவர்கள். நம் வட்டாரத்துக் குடும்பங்கள் பிழைக்கச் சென்ற சிங்கப்பூரில்கூட மலவாளி எடுக்கும் முறை 1987இல்தான் முற்றிலும் முடிவுக்கு வந்தது. இந்தியாவில் உலர் கழிப்பிடங்களைத் தடுக்கும் சட்டம் 1993இலும், கையால் மலம் அள்ளும் பணியில் எவரையும் அமர்த்துவதைத் தடுக்கும் விரிவான சட்டம் 2013இலும் இயற்றப்பட்டன. செப்டிக் டேங்கிற்குள் மனிதரைப் பாதுகாப்பின்றி இறக்கித் துப்புரவு செய்விப்பதும் அச்சட்டப்படி குற்றமாகும்.

தூய்மையை ஈமானுடன் இணைத்துப் பேசும் சமுதாயம், தன்னுடைய தூய்மை இன்னொருவரின் இழிவின்மீது நிற்கிறதா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். அந்தக் கேள்வி வரைபடத்திலேயே தொடங்குகிறது. செப்டிக் டேங்கை வீட்டின் பின்மூலையில், வண்டியின் குழாய் எட்டாத இடத்தில் புதைத்துவிட்டால், பிற்காலத்தில் அதற்குள் ஒரு மனிதரை இறக்கும் நெருக்கடியை இன்றே உருவாக்கி வைக்கிறோம். இயந்திரத்தின் குழாய் தெருவிலிருந்து எளிதில் சேரும் இடத்தில், திறக்கக்கூடிய மூடியுடன் அது அமைய வேண்டும்.

அண்டை வீட்டாரின் உரிமையும் இதில் அடங்கும். நீர்த்துறை, மக்கள் நடக்கும் பாதை, நிழல் தரும் இடம் ஆகியவற்றில் மலம் கழிப்பது சாபத்தைக் கொண்டுவரும் என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்துள்ளார்கள். இன்று எவரும் கிணற்றங்கரையில் அமர்வதில்லை. ஆனால் அடித்தளம் பூசாத செப்டிக் டேங்க், பாறைப் பிளவுகளின் வழியே அதே வேலையைக் கண்ணுக்குத் தெரியாமல் செய்கிறது. நம் கிணற்றுக்கு மட்டுமன்றிப் பக்கத்து மனையின் கிணற்றுக்கும் ஆழ்துளைக் குழாய்க்கும் குறைந்தது 50 அடியாவது விலகியிருக்கும்படி டேங்கையும் உறிஞ்சு குழியையும் அமைப்பது நல்லது. சிறு மனைகளில் இது கடினம். அதனாலேயே, கட்டுமுன் பக்கத்து வீட்டாருடன் பேசி, இருவரின் கிணறுகளும் டேங்குகளும் எங்கெங்கே என்று ஒரே தாளில் குறித்துக்கொள்ள வேண்டும்.

தொட்டியா, குழாயா?

தண்ணீரைத் தேக்கிப் பயன்படுத்துவது பற்றியும் ஃபிக்ஹு நூல்கள் அளவுகளுடன் பேசியுள்ளன. ஷாஃபி மத்ஹபில் இரண்டு குல்லத் என்பது எல்லை. அது ஏறத்தாழ 200 லிட்டர். ஒன்றேகால் முழ நீளம், அகலம், ஆழமுள்ள தொட்டி அதைக் கொள்ளும். அதற்குக் குறைந்த தேங்குநீரில் நஜீஸ் விழுந்தால் நிறமோ மணமோ மாறாவிட்டாலும் அது அசுத்தமாகிவிடும். ஹனஃபி மத்ஹபில் பத்துக்குப் பத்து முழம், அதாவது பக்கத்திற்கு ஏறத்தாழ 15 அடி கொண்ட நீர்ப்பரப்பே பெருநீராகக் கருதப்படுகிறது. பள்ளிவாசல் ஹவுள்கள் ஏன் அவ்வளவு விசாலமாக இருந்தன என்பதற்கு விடை இங்கே உள்ளது.

எகிப்திய அரபியில் தண்ணீர்க் குழாய்க்கு ‘ஹனஃபிய்யா’ என்று பெயர். 1830களில் கெய்ரோவில் வாழ்ந்து அம்மக்களின் வாழ்க்கையைப் பதிவு செய்த எட்வர்ட் லேன், அதன் காரணத்தைக் குறிப்பிடுகிறார். ஓடும் நீரிலோ மிகப் பெரிய தொட்டியிலோ ஒளூச் செய்ய வேண்டிய ஹனஃபிகளுக்காக, பள்ளிவாசல்களில் குழாய் பொருத்திய தொட்டிகள் அமைக்கப்பட்டன, அப்பெயரே நிலைத்துவிட்டது. நம் வீட்டு வாளியோ 20 லிட்டருக்கும் குறைந்தது; இவ்விரு மத்ஹபுகளின்படியும் அது சிறுநீர்தேக்கமே. எனவே குளோசெட்டிலிருந்து தெறிக்கும் துளி எட்டாத தூரத்தில், இடுப்பளவுத் தடுப்புச் சுவருக்கு அப்பால் வாளியும் குளிக்கும் குழாயும் இருப்பது பல ஐயங்களை நீக்கும்.

குழாய் ஓர் ஐயத்தைப் போக்கியபோது வேறொரு சோதனையைக் கொண்டுவந்தது. நபி (ஸல்) அவர்கள் ஒரு முத்து அளவு நீரில் ஒளூவும், ஒரு ஸாஃ முதல் ஐந்து முத்து வரையிலான நீரில் குளிப்பும் நிறைவேற்றியதாக அனஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். ஒரு முத்து என்பது லிட்டரில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு. நான்கு முத்து ஒரு ஸாஃ. குழாயை முழுதும் திறந்துவிட்டு நிற்பவர், பல் துலக்கி முடிக்குமுன் அதைக் காட்டிலும் அதிகமாகச் செலவிட்டுவிடுகிறார். ஓடும் ஆற்றங்கரையிலும் ஒளூவில் விரயம் உண்டு என்ற கருத்துள்ள ஓர் அறிவிப்பு இப்னு மாஜாவில் இடம்பெறுகிறது. அதன் தொடர் குறித்து அறிஞர்களிடையே பேச்சு உண்டு. எனினும் அதன் பொருள், அருவி கொட்டுவதையும் வற்றுவதையும் ஒரே ஆண்டில் காணும் நம் ஊருக்கு நன்றாகவே புரியும்.

வரைபடத்தின் முன்

இவ்வரலாற்றைக் கையில் வைத்துக்கொண்டு வரைபடத்தைப் பார்த்தால், சில முடிவுகள் தாமே தெளிவாகின்றன.

ஒளூச் செய்யும் இடத்தைக் குளியலறைக்கு வெளியே, கூடத்திற்கும் தொழும் அறைக்கும் அருகில் தனியே அமைக்கலாம். கால் கழுவத் தாழ்ந்த குழாயும், முதியோர் அமர ஒரு திண்டும் இருந்தால், வழுக்கும் தரையில் ஒற்றைக்காலில் நிற்கும் ஆபத்து நீங்கும். பழைய வீட்டு முற்றத்துக் கெண்டியின் இடத்தை அது மீட்டுத் தரும்.

விருந்தினருக்கான கழிப்பறை, பெண்கள் புழங்கும் உட்பகுதியைக் கடக்காமல் செல்லும்படி முன்புறத்தில் அமையட்டும். எந்தக் கழிப்பறையின் கதவும் உணவு உண்ணும் இடத்தை நேராகப் பார்க்க வேண்டாம். ஜன்னல் ஆள் உயரத்திற்கு மேலே இருக்கட்டும். ஆனி, ஆடி மாதங்களில் செங்கோட்டைக் கணவாய் வழியே மேல்காற்று பலமாக வீசும். குளியலறை வீட்டின் கிழக்குப் பக்கத்தில் இருந்து, காற்றுப்போக்கியும் அப்பக்கமே திறந்தால், நாற்றம் வீட்டிற்குள் திரும்பாது. கதவு வெளிப்புறம் திறப்பதும், அகலமாக இருப்பதும் முக்கியம். உள்ளே விழுந்துவிட்ட முதியவரை, உட்புறம் திறக்கும் கதவு அடைத்துவிடும்.

இன்னொரு தேவையும் உண்டு. கட்டும்போது எவரும் அதைப் பேச விரும்புவதில்லை. முன்பு ஒரு வீட்டில் மரணம் நேர்ந்தால், மய்யித்தைக் குளிப்பாட்ட முற்றமோ கிணற்றடியோ இருந்தது. இன்றைய வீடுகளில் ஆறடிக் கட்டிலை வைத்து நால்வர் சுற்றி நிற்க இடமில்லை. அவசரத்தில் தெருவோரம் துணி கட்டி மறைக்கிறார்கள். புறவாசலில் எட்டுக்குப் பத்து அடியளவில், சுற்றுச்சுவரும் சரிவான தரையும் ஒரு குழாயும் கொண்ட இடத்தை ஒதுக்கினால், அன்றாடம் துணி துவைக்கவும் அது பயன்படும். வீட்டிலிருந்து ஒருவரைக் கண்ணியத்துடன் வழியனுப்பும் நாளிலும் பயன்படும்.

பொறியாளர் முதல் கோட்டை வரையுமுன், அந்தத் தாளில் கிப்லாவின் திசையை நீங்களே ஓர் அம்புக்குறியாக வரைந்து கொடுங்கள். குளோசெட் பதிக்கும் நாளில் கொத்தனாருக்கு அருகில் ஒருவர் நில்லுங்கள். நம் இல்லங்களைத் தூய்மையின் இல்லங்களாகவும், அண்டை வீட்டாருக்கும் உழைப்பாளருக்கும் தீங்கு தராதவையாகவும் அல்லாஹ் ஆக்கி அருள்வானாக. ஆமீன்.